எண்ணம் பதிவு செய்யப்பட்டது

யோரிண்டே பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி அல்ல. பயத்தை அவள் தன் முப்பத்துநாலாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டுத் தேடிக்கொண்டாள்.

அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐசல் ஆற்றை ஒட்டிய அந்த ஊரின் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை, வாரத்துக்கு ஐந்து நாள். கணவன் வெஸ்ஸல் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மகள் ஃபென்னாவுக்கு இரண்டரை வயது. அவளுக்கும் வாரத்துக்கு ஐந்து நாள் காப்பகம். காலையில் சைக்கிளின் முன்பெட்டியில் மழையில் உட்கார்ந்து போகிற குழந்தை, சாயங்காலம் அதே பெட்டியில் அதே மழையில் தூங்கிக்கொண்டே திரும்பி வரும். அப்படி ஒரு வியாழக்கிழமை கூட்டிவரப் போனபோது, காப்பகத்துப் பெண்ணின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவளை "அம்மா" என்று கூப்பிட்ட ஃபென்னா, வாசலில் நின்ற யோரிண்டேயைப் பார்த்து மரியாதையாக "வாங்க" என்றாள்.

அன்று சூப் ஆறும்வரை யோரிண்டே கரண்டியைத் தொடவில்லை.

"புதன்கிழமை மட்டும் நான் வேலைக்குப் போகலைன்னா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பாத்துடலாம்," என்றான் வெஸ்ஸல். உலகத்தில் எதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்தது.

ஒரு நாள் சம்பளம் போகும். ஒரு நாள் காப்பகக் கட்டணம் மிச்சமாகும். ஆனால் காப்பகக் கட்டணத்தில் பெரும்பங்கை அரசாங்கம் உதவியாகத் தருகிறது. வேலை நேரம் குறைந்தால் அந்த உதவி குறையும். வருமானம் குறைந்தால் அதே உதவி கூடும். அது கூடினால் இன்னொரு சலுகை குறையும். வெஸ்ஸல் முதல்முறை போட்டபோது லாபம் வந்தது. இரண்டாம்முறை நஷ்டம். மூன்றாம்முறை, வருஷத்துக்கு ஒரு சைக்கிள் ட்யூப் வாங்குகிற வித்தியாசம்தான் வந்தது, அதுவும் எந்தப் பக்கம் என்று புரியவில்லை. கடைசியில் பதினோரு வருஷமாக மாணவர்களிடம் ஒருபோதும் சொல்லாத ஒரு வார்த்தையை அவன் சொன்னான்.

"தெரியல."

பிறகு சொன்னான்: "வாரியத்தையே கேட்டுடேன். அதுக்குத்தானே இருக்காங்க?"

குடும்ப நேரச் சமநிலை வாரியம் என்பது அதன் முழுப்பெயர். அந்த உதவித்தொகையைக் கொடுப்பதும் நிறுத்துவதும் அதன் பொறுப்பு. அதன் துண்டறிக்கையில் நாலு பேர் கொண்ட ஒரு குடும்பம் கடற்கரையில் பட்டம் விட்டுக்கொண்டு சிரிக்கும். கீழே, 'தயங்காமல் கேளுங்கள்' என்று எழுதியிருக்கும். யோரிண்டே தயங்காமல் கேட்டாள்.

"ஒரே ஒரு கேள்விதாங்க..."

"பேரு சொல்லுங்க மேடம்."

"பொதுவான கேள்விதான். பேரு எதுக்கு?"

"பேரு இல்லாத கேள்விக்கு நாங்க பதில் சொல்றதில்ல மேடம். பேரு இருக்கிற கேள்விக்கும் போன்ல பதில் சொல்றதில்ல. ஆனா பேரை எழுதிக்குவோம்."

பெயரைச் சொன்னாள். குடிமக்கள் எண்ணையும் சொன்னாள். பிறகு, புதன்கிழமை வேலையை விட்டால் எங்களுக்கு லாபமா நஷ்டமா என்று கேட்டாள். எதிர்முனையில் வெகுநேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. கேள்வியைவிட அது நாலு மடங்கு நீளமாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

"நன்றி மேடம்," என்றது குரல். இணைப்பு அறுந்தது.

ஒன்பதாம் நாள் கதவுத் துவாரத்தின் வழியாக ஒரு வெளிர்மஞ்சள் உறை விழுந்தது. நனைந்த கோட்டைக் கழற்றாமல் நடையிலேயே நின்று படித்தாள்.

'வேலை நேரத்தைக் குறைக்கும் தங்கள் எண்ணம் பதிவு செய்யப்பட்டது. வரும் மாதம் முதல் தேதியிலிருந்து தங்கள் மகளின் புதன்கிழமைக்கான காப்பக உதவி நிறுத்தப்படுகிறது. தாங்கள் எழுப்பிய வினாவுக்கான விடை, தங்கள் எண்ணம் நிறைவேறியபின், ஆண்டு இறுதியில் கணக்கிட்டு அனுப்பப்படும்.'

"நான் எங்க எண்ணினேன்? கேக்கத்தானே செஞ்சேன்?"

"ஏதோ தப்பா எழுதியிருப்பாங்க," என்றான் வெஸ்ஸல். "நேர்ல போய்ச் சொல்லு. மனுஷங்கதானே, சரி பண்ணிடுவாங்க."

போனாள். எண்ணிட்ட சீட்டு எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தபின் நாலாம் நம்பர் கவுண்டரில் கூப்பிட்டார்கள். அங்கே டெர்ப்ஸ்ட்ரா என்ற அதிகாரி இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், படிய வாரிய வெளிறிய தலை, சுருக்கமில்லாத சட்டை. காப்பி வரவழைத்துக் கொடுத்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார். அவள் ஒன்று எடுத்ததும் மூடி உள்ளே வைத்தார். நல்ல மனிதர்.

"நான் எண்ணவே இல்ல சார். சும்மா கேட்டேன், அவ்வளவுதான்."

"எண்ணாம எப்படி மேடம் கேக்க முடியும்?"

யோசித்துப் பார்த்தாள். அவர் சொல்வது சரியாகத்தான் பட்டது. அதுதான் பயமாக இருந்தது.

"அப்ப அந்த எண்ணத்தை வாபஸ் வாங்கிக்கிறேன் சார்."

"தாராளமா வாங்கலாம். ஆனா வாபஸ் வாங்கணும்ங்கறதும் ஒரு எண்ணம்தானே? அதையும் பதியணும். மூணு மாசத்துல ரெண்டு எண்ணம் பதிவாச்சுன்னா உங்க குடும்பம் 'நிலையற்ற குடும்பங்கள்' பட்டியலுக்குப் போயிடும். அந்தப் பட்டியலுக்குப் போனவங்க யாரும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல."

"ஏன் சார்? என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகல மேடம், பயப்படாதீங்க. திரும்பி வரதுக்கான படிவம் இன்னும் அச்சாகல, அவ்வளவுதான்."

யோரிண்டே கோப்பையைத் தட்டோடு மேசையில் வைத்தாள். "என்னைச் சந்தேகப்படுறீங்களா சார்?"

டெர்ப்ஸ்ட்ரா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "ஐயையோ! இங்க யாரும் யாரையும் சந்தேகப்படுறதில்ல மேடம். சந்தேகப்படணும்னா ஒரு மனுஷன் வேணும். எங்ககிட்ட இருக்கிறது நடைமுறை. அதுக்கு உங்க மேல கோபமும் கிடையாது, பிரியமும் கிடையாது. நான் பதினாறு வருஷமா அதுக்கு உழைக்கிறேன், என் மேலேயே அதுக்குப் பிரியம் வரல."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. எண்ணத்தைச் சரிபார்க்க வீட்டுக்கு ஒருவர் வருவார் என்று சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வந்தவர் ஹாஃப்லாண்ட் அம்மையார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு வீடு முழுக்க நடந்தார். கழுத்தில் ஒரு நிறுத்துக்கடிகாரம் தொங்கியது. சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு தாளை விரித்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் அம்மாவா இருக்கீங்க?"

"எத்தனை நிமிஷம்னா... எப்பவும்தான்."

"'எப்பவும்'னு ஒரு கட்டம் இல்ல மேடம். குழந்தை தூங்கும்போதும் அம்மாவா இருக்கீங்களா?"

"இருக்கேனே."

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப அது ராத்திரி வேலை. ராத்திரி வேலை பாத்துட்டு நடுவுல பதினொரு மணி நேரம் ஓய்வு எடுக்காம பகல்ல கடைக்குப் போறீங்க. இது உங்க முதலாளிக்குத் தெரியுமா? தெரிஞ்சு அனுமதிச்சா அவர் மேலயும், தெரியாம இருந்தா உங்க மேலயும் நடவடிக்கை வரும். யோசிச்சுச் சொல்லுங்க. தூங்கும்போதும் அம்மாவா?"

யோரிண்டே கணவனைப் பார்த்தாள். கணவன் அடுப்பைப் பார்த்தான்.

"இல்ல," என்றாள். "தூங்கும்போது நான் அவ அம்மா இல்ல."

அம்மையார் திருப்தியோடு எழுதிக்கொண்டார். யோரிண்டேவுக்கு எதைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. ஆனால் திருப்பிச் சொன்னால் அது இரண்டாவது எண்ணமாகிவிடும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அம்மையார் குனிந்து, சாக்லேட் தூவிய ரொட்டியை மோவாய் வரை பூசிக்கொண்டிருந்த ஃபென்னாவைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா, வாரத்துல எத்தனை நாள் அம்மா உன்கூட இருப்பாங்க?"

"ஏழு," என்றாள் ஃபென்னா.

ஃபென்னாவுக்கு அந்த மாதம்தான் ஏழுவரை எண்ண வந்திருந்தது. அதில் ஏழு அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வாத்து எத்தனை என்றால் ஏழு. உனக்கு என்ன வயசு என்றால் ஏழு. என்ன சாப்பிட்டாய் என்றாலும் ஏழுதான்.

வெஸ்ஸல் சிரித்துவிட்டான். "அவ எதைக் கேட்டாலும் ஏழுன்னுதாங்க சொல்லுவா..."

"சாட்சியைக் கலைக்காதீங்க சார்," என்றார் ஹாஃப்லாண்ட் அம்மையார். நிறுத்துக்கடிகாரத்தை அமுக்கினார்.

இரண்டாவது உறை கொஞ்சம் தடிமன். 'நேரடிச் சாட்சியத்தின்படி, தாய் வாரத்தின் ஏழு நாளும் குழந்தையுடன் இருக்கிறார். எனவே அவர் எங்கும் வேலை செய்யவில்லை. எனவே காப்பகம் தேவையில்லை. உதவி முழுவதும் நிறுத்திவைக்கப்படுகிறது. கடந்த இரண்டு ஆண்டுகளாகத் தரப்பட்ட உதவி ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.' அதே நாளில் கண்ணாடிக் கடை முதலாளிக்கும் ஓர் உறை போயிருந்தது: 'தங்கள் கடையில் யோரிண்டே என்ற பெயரில் வேலை செய்துவரும் நபர் யார்?'

முதலாளி ஹெர்பிரண்ட் முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறவர், யாருக்கும் அஞ்சாதவர். அவர் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பரிசோதனை அறைக்கு வந்தார்.

"ஏம்மா... நீ அவதானே?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? ஒன்பது வருஷமா இங்கதானே இருக்கேன்!"

"எனக்குத் தெரியும்மா. எனக்குத் தெரியும்ங்கறதை எப்படி நிரூபிக்கறதுன்னுதான் தெரியல. நாளைக்கு பாஸ்போர்ட்டைக் கொண்டா."

காப்பகத்தின் தலைவி, மாதக் கடைசிவரை இடத்தை வைத்திருப்பதாகவும், அதற்குமேல் முடியாது, காத்திருக்கும் பட்டியலில் நாற்பது குழந்தைகள் இருப்பதாகவும் சொன்னார். காப்பகம் போனால் வேலை போகும். வேலை போனால் ஃபென்னா சொன்ன ஏழு உண்மையாகிவிடும். உண்மையாகிவிட்டால் இரண்டு வருஷத்து உதவியையும் திருப்பிக் கேட்பார்கள். வீட்டின் மேல் கடன் இருந்தது. வெஸ்ஸல் அதையும் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் தாளைக் கிழித்துவிட்டான்.

அதன்பிறகு அந்த வீட்டில் எல்லாம் மெதுவாக நடந்தது. மெதுவாகப் பேசினார்கள். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே யோரிண்டே கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெஸ்ஸல் ஒரு நாள் வாசல் அறையின் திரைச்சீலையை இழுத்து மூடினான். அந்தத் தெருவில் யாரும் பகலில் திரை போடுவதில்லை. மூடிய பத்தாம் நிமிஷம் பக்கத்து வீட்டுக்காரர் மணியடித்து, யாராவது தவறிட்டாங்களா என்று விசாரித்தார். திரையைத் திறந்துவிட்டார்கள். திறந்தபிறகு இன்னும் பயமாக இருந்தது.

ஆட்சேபணை மனு கொடுத்தார்கள். விசாரணைக்கு நாள் குறித்து வந்தது. சாட்சியையும் அழைத்து வரவேண்டும் என்று போட்டிருந்தது.

"ரெண்டுன்னு சொல்லக் கத்துக்குடுத்துடலாம்," என்றான் வெஸ்ஸல். "சனி, ஞாயிறு. ரெண்டு நாள். அதுதானே உண்மை?"

அதிமதுர மிட்டாய்ப் பொட்டலத்தை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஃபென்னா ஏழு என்றாள். ரெண்டு சொன்னால் மிட்டாய் என்றார்கள். ஏழு மிட்டாய் வேண்டும் என்றாள். அரை மணி நேரத்துக்குப் பிறகு வெஸ்ஸல் குரலை உயர்த்தினான். அவன் வகுப்பில்கூட குரலை உயர்த்துகிறவன் அல்ல. ஃபென்னா அப்பாவின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அழவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டாள். அன்றும் அதற்கடுத்த வாரங்களிலும் ஒரு எண்ணும் சொல்லவில்லை, வாத்துகளைப் பார்த்தபோதும்.

"போதும், விடு," என்றாள் யோரிண்டே. "அவளுக்கும் பயத்தைக் கத்துக்குடுத்துடுவோம் போலிருக்கு."

விசாரணை மண்டபத்தில் நீள மேசை. அதன் பின்னால் ஐந்து பேர். தலைவர் எழுந்து நின்றார். மனுதாரர்கள் இரண்டு பேர்தான் எதிரே இருந்தார்கள் என்றாலும், அவர் ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி பேசினார்.

"குடும்பமே இந்நாட்டின் அடித்தளம். அந்தக் குடும்பத்துக்கு நேரம் வேண்டும் என்பதற்காகவே இவ்வாரியம் இரவுபகலாக உழைக்கிறது. எங்கள் ஊழியர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவர்கூட மாலை ஏழு மணிக்கு முன் வீடு திரும்பியதில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எனக்கே மூன்று பிள்ளைகள் இருப்பதாக என் மனைவி எழுதியிருக்கிறார். பெற்றோரை நாங்கள் முழுமையாக நம்புகிறோம். அவர்கள் சொல்வதைத்தான் நம்புவதில்லை. ஏனெனில் பெற்றோருக்கு உள்நோக்கம் இருக்கும். குழந்தைக்கு இருக்காது. ஆகவே குழந்தையின் சொல்லே எங்களுக்கு வேதம்."

வெஸ்ஸல் கையைத் தூக்கி அனுமதி கேட்டான்.

"ஐயா, அவளுக்கு அந்த எண் பிடிக்கும், அவ்வளவுதான். நீங்களே பாருங்க. ஃபென்னா, உன் கால்ல எத்தனை ஷூ?"

வாரக்கணக்கில் எண்ணே சொல்லாமலிருந்த ஃபென்னா, புது இடம் பிடித்துப்போய் வாயைத் திறந்தாள். "ஏழு!"

"அப்பாவுக்கு எத்தனை மூக்கு?"

"ஏழு!"

மேசையின் பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவரும் லேசாக முறுவலித்தார். யோரிண்டேவுக்குப் பல நாளைக்குப் பிறகு மூச்சு முழுசாக உள்ளே போனது. தலைவர் முன்னால் சாய்ந்தார்.

"சரி பாப்பா. இங்கே மேசைக்குப் பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்?"

ஃபென்னா மேசையை இடமிருந்து வலமாக ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"ஏழு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் ஒரு கோப்பைப் புரட்டினார். அவர் முகம் சுண்ணாம்பாகியது. விதிப்படி அந்தக் குழுவுக்கு ஏழு உறுப்பினர்கள். இரண்டு இடங்கள் பதினோரு வருஷமாகக் காலி. ஆனால் இதுவரை வந்த எல்லாத் தீர்ப்பிலும் ஏழு கையெழுத்துகள் இருந்தன.

ஓரத்தில் இருந்த பெண் உறுப்பினர் தன் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டார்.

"குழந்தைக்கு எப்படித் தெரியும்?" என்றார் தலைவர், முதன்முறையாகத் தாழ்ந்த குரலில்.

பத்து நிமிஷம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். தீர்ப்பு அவசரமாக வாசிக்கப்பட்டது. சாட்சி நம்பத்தக்கவர். ஆயினும் அவருடைய சாட்சியம் இனி எந்தக் குறிப்பிலும் இடம்பெறாது. நாலு நாளைக்கான உதவி மீண்டும் வழங்கப்படும். தாயார் தாமே எண்ணியபடி புதன்கிழமை வேலை ரத்து. இரண்டு ஆண்டு ஆய்வு முடிக்கப்படவில்லை, தள்ளிவைக்கப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் பிரதியாக, தாயார் ஒவ்வொரு புதன்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு வாரியத்துக்கு நேரில் வந்து, தம் எண்ணத்தில் மாற்றமில்லை என்று நாலாம் கவுண்டரில் சொல்ல வேண்டும். சாட்சியையும் உடன் கொண்டுவர வேண்டும். சாட்சி பள்ளிக்கூடம் போகும் வயது வரும்வரை இது நீடிக்கும்.

வெளியே வந்ததும் வெஸ்ஸல், "ஜெயிச்சுட்டோம்ல?" என்றான். சந்தைச் சதுக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி நின்றபடியே சாப்பிட்டார்கள். யோரிண்டேவுக்கு இறங்கவில்லை.

புதன்கிழமைகள் தொடங்கின. காலை ஒன்பதுக்குச் சீட்டு எடுத்தால் இரண்டு மணிக்கு மேல்தான் கூப்பிடுவார்கள். இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் அதேபோல் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசுவதில்லை. பேச்சில் ஏதாவது எண்ணம் வந்துவிட்டால் என்ன செய்வது?

"இந்த வாரம் எண்ணத்துல ஏதாவது மாற்றம் உண்டா மேடம்?" என்பார் டெர்ப்ஸ்ட்ரா.

"இல்ல சார்."

"நன்றி மேடம். அடுத்த வாரம் பாக்கலாம்."

காத்திருக்கும் அறையின் மூலையில், முழங்கால் உயர மரவேலிக்குள் ஒரு கம்பளமும் சில பொம்மைகளும் இருந்தன. ஃபென்னா அங்கே விளையாடுவாள். ஆறாம் வாரம் உறை வந்தது. 'வேலியும் கம்பளமும் விளையாட்டுப் பொருள்களும் உள்ள இடம், சட்டப்படி காப்பகம் எனப்படும். புதன்கிழமை காப்பகம் வேண்டாமென்று எண்ணிய தாங்கள், புதன்கிழமைதோறும் ஐந்து மணி நேரம் காப்பகத்தைப் பயன்படுத்திவருவது கண்டறியப்பட்டுள்ளது.' இனி குழந்தை தாயின் கைக்கெட்டும் தூரத்தில், வேலிக்கு வெளியே இருக்க வேண்டும்.

அதனால் யோரிண்டே அந்த ஐந்து மணி நேரமும் ஃபென்னாவை மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் குழந்தை வேலிக்குள் கைநீட்டி அழுதது. பிறகு அம்மாவின் கோட்டுப் பொத்தான்களை எண்ணியது. பிறகு கதை கேட்டது. யோரிண்டே ரகசியக் குரலில் ஓர் ஆந்தையின் கதை சொன்னாள். அடுத்த புதன்கிழமை ஃபென்னா தானாகவே கேட்டாள், "அம்மா, ஆந்தை?" வாசலில் நின்று 'வாங்க' என்று சொன்ன குழந்தை இப்போது கழுத்தில் முகம் புதைத்துக்கொண்டு கதை கேட்டது. அந்தக் கட்டடத்தில் வாரியத்துக்குத் தெரியாமல் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். யோரிண்டே அதைக் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் பதிவாகிவிடும்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. பரிசோதனை ஏட்டில் கடைசிப் பெயர் பிரவுவர் என்றிருந்தது. அந்தப் பொய்ப்பெயரில் இருட்டறைக்குள் நுழைந்து கதவைத் தானே சாத்தியவர் டெர்ப்ஸ்ட்ரா.

யோரிண்டேவின் கையிலிருந்த கண்ணாடி வில்லை தரையில் விழுந்து உருண்டது. "சார்... நான் எந்த எண்ணத்தையும் மாத்தல சார்."

"தெரியும் மேடம். மெதுவா பேசுங்க. முதல்ல என்னை அந்த மிஷின்ல உக்கார வையுங்க, யாராவது பாத்தா பரிசோதனை மாதிரி இருக்கட்டும்."

மோவாயைத் தாங்கியில் வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் அவர் பேசினார். மனைவிக்கு ஏழு மாதம். பிசியோதெரபி வேலை. குழந்தை பிறந்தபின் மூன்று நாள் மட்டும் போகலாமா என்று யோசிக்கிறார்கள். வாரியத்தின் துண்டறிக்கையை வைத்துக்கொண்டு இருவரும் மூன்று தடவை கணக்குப் போட்டார்கள்.

"மூணு விதமா வருது மேடம்."

"உங்களுக்கே தெரியாதா சார்?"

"நான் நாலாம் கவுண்டர். எண்ணம் மட்டும்தான். விளைவெல்லாம் ஆறாம் கவுண்டர்."

"ஆறாம் கவுண்டர்ல கேளுங்களேன்."

"அது எங்க இருக்குன்னு பதினாறு வருஷமா தேடறேன். இன்னொருத்தர்கிட்ட விசாரிச்சா, எதுக்குன்னு கேப்பாங்க. கேட்டா..." வெளியே காலடிச் சத்தம் நெருங்கியது. அவர் சட்டென்று குரலை உயர்த்தி, "ஈ! எஃப்! பி! டி!" என்று எதிர்ச்சுவரைப் பார்த்துக் கூவினார். காலடி கடந்து போனது. நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. "நீங்களே சொல்லுங்க மேடம். புதன்கிழமையை விட்டதுல உங்களுக்கு லாபமா, நஷ்டமா?"

பேரு சொல்லுங்க சார் என்று கேட்க அவளுக்கு நாக்குத் துறுதுறுத்தது. ஆறு மாதத்துப் பயம் அந்த மூணு வார்த்தையில் திரண்டு நின்றது. ஆனால் அவர் மோவாய் நடுங்கிய நடுக்கத்தில் மிஷினே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"தெரியல சார். வருஷக் கடைசியிலதான் சொல்வாங்களாம். ஆனா புதன்கிழமையானா புள்ள என் மடியில உக்காந்துக்கறா. அதை லாபத்துல எழுதறதா, எதுல எழுதறதுன்னு உங்க வாரியத்துல கட்டம் இல்ல."

குனிந்து, கீழே கிடந்த வில்லையை எடுத்தாள்.

"நீங்க என்ன வேணா பண்ணுங்க சார். யாரையும் கேக்காம பண்ணுங்க."

பரிசோதித்துப் பார்த்தாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அதைச் சொன்னபோது அவர் பதறினார். "அப்படி எழுதிடாதீங்க மேடம். இங்க வந்ததுக்கு ஒரு காரணம் வேணுமே." கடைசியில் வெறும் கண்ணாடி போட்ட ஒரு மூக்குக்கண்ணாடியை வாங்கி, கடையிலேயே மாட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. நாலாம் கவுண்டரில் இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒரு புதுப் பையன் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான். யோரிண்டே சீட்டு எடுத்துக்கொண்டு திரும்பினாள். காத்திருப்போர் வரிசையின் கடைசி நாற்காலியில், முழங்கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு, கையில் முப்பத்தெட்டாம் எண் சீட்டோடு டெர்ப்ஸ்ட்ரா உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த அறையில் யாரும் யார் பக்கத்திலும் உட்காருவதில்லை. நாலைந்து தலைகள் திரும்பின.

"நான் கேக்கல மேடம்," என்றார் அவர், நேரே பார்த்தபடி. "சத்தியமா கேக்கல. என் மனைவி போன் பண்ணிட்டா. பேரு கேட்டிருக்காங்க. சொல்லிட்டா."

"கேள்வி கேட்டா ஊழியர் வீட்டுக்கும் அதே நடைமுறைதானா?"

"அதேதான். நான் எழுதின சுற்றறிக்கை."

ஃபென்னா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அம்மாவின் மடியில் ஏறி, ஆந்தை வேண்டும் என்றாள். யோரிண்டே தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினாள். டெர்ப்ஸ்ட்ராவும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆந்தை மாதாகோவில் கோபுரத்துக்குப் போகிற இடத்தில் முப்பத்தெட்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அவர் எழப் பார்த்தார். முடியவில்லை. மறுபடியும் பார்த்தார். பதினாறு வருஷம் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எத்தனையோ பேர் எழுந்து வருவதைப் பார்த்தவர்தான். அந்த ஏழடி தூரம் எவ்வளவு என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

யோரிண்டேவின் எண் ஐம்பத்திரண்டு. தள்ளிவைத்த ஆய்வு, மாதக் கடைசி, வீட்டுக்கடன் எல்லாம் அவள் கண்முன் வரிசையாக வந்து நின்றன. ஃபென்னாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க சார். போலாம்."

இருவருமாகக் கவுண்டருக்கு நடந்தார்கள். புதுப் பையன் சீட்டைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"மேடம், உங்க நம்பர் இன்னும் வரலையே. நீங்க யாரு?"

அவள் ஃபென்னாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "கூட வந்திருக்கேன்."

பையன் மேசை இழுப்பறையைத் திறந்து தாள்களைப் புரட்டினான். அடுத்த இழுப்பறையைத் திறந்தான். அதிலும் கிடைக்காமல், பழக்கதோஷத்தில் டெர்ப்ஸ்ட்ராவிடமே கேட்டான்.

"சார், கூட வரவங்களுக்கு எந்தப் படிவம்?"

டெர்ப்ஸ்ட்ரா வெறும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்படி ஒண்ணு இல்லப்பா," என்றார். "இதுவரைக்கும் யாரும் கூட வந்ததில்ல."